அறுபடாத வளையம்

வட்டத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. இறைவனுக்கென்று முன்னோர் வகுத்து வைத்த இந்த இலக்கணத்தைக் கண்ணாடி இழைக் கேபிளுக்கும் பொருத்திக் காட்டிய பெருமை, தீவக வளைய இணைப்பு ஆணையத்தையே சாரும். அந்தமான் நிலமோ வடக்குத் தெற்காக நீண்டு மெலிந்து கிடப்பது. ஊர்களைக் கோக்கும் நெடுஞ்சாலையும் ஒன்றே. இப்படி நீண்டு கிடக்கும் மண்ணில் வட்டமாக ஒரு வளையத்தை எவ்வாறு இடுவது என்னும் ஐயம் எளியவர்களுக்கு எழலாம். ஆணையத்துக்கு எழவில்லை. அது வளையத்தை முதலில் வரைபடத்தில் இட்டது. அங்கே அது முழுமதி போல் பொலிந்தது.

அந்த வளையம் பூர்த்தியான நன்னாளை மாயாபந்தரில் கொண்டாடினார்கள். படகுத்துறைக்குச் செல்லும் சாலையோரம் பந்தல் எழுந்தது. பந்தலின் ஒரு கால் அப்துல் வாஹிதின் கடைவாசலில் இறங்கியது. கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும், சான்றிதழ்களை அச்சிட்டுக் கொடுப்பதும், செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதும் அக்கடையின் தொழில்.

கணபதி அங்கு வந்தது வளையத்தைக் காண அல்ல. வாஹிதின் கடையைக் காண. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, ரப்பர்க் காட்டில் குடியமர்த்தப்பட்ட பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். இப்போது மாயாபந்தருக்கு வெளியே சிறியதொரு பாக்குத் தோட்டம் வைத்திருந்தார். அவர் மனைவி சொர்ணம்மாவின் வலக்கண் பல ஆண்டுகளுக்கு முன்பே பாக்குமட்டை குத்திப் போயிற்று. மிஞ்சிய இடக்கண்ணில், சென்ற வாரம் முதல், மூலையிலிருந்து ஒரு கருந்திரை இறங்கிக்கொண்டிருந்தது. விழித்திரை கழன்று வருகிறதென்றும், சென்னையில் அறுவை செய்தால் காக்கலாமென்றும், திங்கட்கிழமைக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் வரை அந்தக் கண் காத்திராது என்றும் போர்ட் பிளேயர் மருத்துவர் சொல்லிவிட்டார். விமானச் சீட்டோ, அவர்கள் தோட்டத்துப் பாக்கு முழுவதற்கும் எட்டாத உயரத்தில் பறந்தது. ஆகவே கப்பல்தான். அந்தக் கப்பலுக்கான முன்பதிவு அன்று நண்பகலில் திறக்க இருந்தது.

"பாய், பன்னெண்டு மணிக்கு மறந்துறாதீங்க," என்றார் கணபதி.

"கம்ப்யூட்டரு முன்னாலயேதான் உக்காந்திருக்கேன் அண்ணே. திறந்த உடனே உங்க பேருதான். ரெண்டு பங்க் பெர்த்து. இன்ஷா அல்லாஹ்."

பந்தலில் தலைமை இணைப்பு அதிகாரி ஹரிஹரன் எழுந்தார். பெருநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், பதிகங்கள் பலவும் மனப்பாடம், குரலும் கணீரென்றிருக்கும். இந்தியில் சிறிதும் ஆங்கிலத்தில் சிறிதும் பேசிவிட்டுத் தமிழில் விரிந்தார்.

"பெருமக்களே! ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு கைகள். ஒரு கை முன்னூரைப் பற்றும். மறுகை பின்னூரைப் பற்றும். கடைசி ஊர் முதல் ஊரின் கையைப் பற்றிக்கொண்டால் வளையம் பூர்த்தி. திருக்கோயிலில் வலம் வருகிறோம். வழியில் தேர் மறித்து நின்றால் என்ன செய்கிறோம்? திரும்பி இடமாக வந்து சந்நிதியை அடைகிறோம். அதுபோல், கேபிள் ஓரிடத்தில் அறுந்தால், செய்தி கண்ணிமைக்கும் முன் திரும்பி மறுவழியே போய்ச் சேரும். ஆகவே இந்த வளையம் அறுந்தாலும் அறுபடாது! பழுது என்னும் சொல்லையே எங்கள் அலுவலகத்திலிருந்து நீக்கிவிட்டோம்!"

கைதட்டல் எழுந்தது. கணபதியும் தட்டினார். கோயில் உவமை அவருக்கு நன்றாகவே விளங்கியது.

அதன்பின் நினைவுத்தூண் நடும் சடங்கு. தூணை எங்கே நடுவது என்பது பற்றி ஆணையம் நீண்ட ஆலோசனை நடத்தி, வளையத்தின் தலைமீதே நடவேண்டும் என்று முடிவு செய்திருந்தது. பக்கத்தில் நட்டால் அது வெறும் தூண். மேலே நட்டால்தான் வளையத் தூண். கேபிள் செல்லும் இடத்தை அளந்து, சுண்ணாம்பால் கோடிட்டு, அக்கோட்டின் நடுவில் ரிப்பன் கட்டிய கடப்பாரையை ஹரிஹரனிடம் கொடுத்தார்கள். அவர் கிழக்கு நோக்கி நின்று, ஒரு துதியை முணுமுணுத்துவிட்டு, மூன்று முறை ஓங்கிக் குத்தினார்.

மூன்றாவது குத்தில் கடப்பாரை எதிலோ இறங்கியது.

"பாறை," என்றார் ஹரிஹரன்.

"மெத்துன்னு இருக்கு சாப்," என்றான் குழியருகே நின்ற கூலியாள்.

"மெத்தென்ற பாறை," என்று திருத்தினார் உதவிப் பொறியாளர் சந்திரசேகர். மாயாபந்தர்க் கிளை அவர் பொறுப்பில் இருந்தது.

அது பாறையன்று, கறுப்புக் குழாய். போர்ட் பிளேயரிலிருந்து வரும் கேபிளும், வடக்கே சுற்றிவிட்டுப் போர்ட் பிளேயருக்குத் திரும்பும் கேபிளும் அந்த ஒரே குழாய்க்குள் ஒன்றையொன்று தழுவிக் கிடந்தன. சாலை ஒன்று, ஆகவே பள்ளம் ஒன்று, ஆகவே குழாய் ஒன்று. இரண்டு பள்ளம் கேட்டால் தணிக்கைத் துறை ஏன் என்று கேட்கும். ஒரு பள்ளத்தில் இரண்டைப் போட்டால் சிக்கனம் என்று பாராட்டும். அந்தப் பாராட்டையும் ஆணையம் முன்பே பெற்றிருந்தது. ஹரிஹரனின் மூன்றாவது குத்து, வலமாகப் போகும் வழியையும் இடமாகத் திரும்பும் வழியையும் ஒருங்கே முடித்துவைத்தது. பந்தலில் வைத்திருந்த பெருந்திரையில் அதுவரை சுழன்றுகொண்டிருந்த பச்சை வளையம், கடைசியாக வந்துசேர்ந்த கோலத்தில், அசையாமல் ஒளிர்ந்தது. அந்த அசைவின்மையைக் காட்டி, "நிலைத்தன்மை!" என்றார் ஹரிஹரன். தூண் நட்டு, மேலே சிமெண்டும் ஊற்றினார்கள். அவர் காரில் ஏறித் தெற்கே சென்றார்.

நண்பகல் வந்தது. வாஹிதின் கணினித் திரையில் சிறியதொரு வட்டம் சுழலத் தொடங்கியது, நிற்கவில்லை.

"சுத்திக்கிட்டே இருக்கு அண்ணே."

கணபதி ஓடிப்போய்ச் சந்திரசேகரைக் கையோடு அழைத்துவந்தார். அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"என்ன சுத்துது இது?"

"வட்டம் சார்," என்றார் வாஹித்.

"விடாமச் சுத்துதா?"

"பன்னெண்டு மணிலேர்ந்து சார்."

சந்திரசேகரின் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன பாய்? வளையம் பக்காவா ஓடுது!"

அன்று மாலை கணபதி ஆணையத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனார். சுவரில் முழுமதி வரைபடம். அதன் கீழே சந்திரசேகர்.

"நெட்டு இல்ல சார். கப்பல் டிக்கெட்டு எடுக்கணும். எங்க வீட்டுல கண்ணு போயிரும்."

"அப்படிச் சொல்லாதீங்க பெரியவரே. வளையத்துல நெட் இல்லாமப் போகாது. உங்களுக்குக் கிடைக்கல, அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"வீட்ல ஒண்ணு. ஆபீஸ்ல வேற வேற." அவர் நாற்காலியைச் சற்று முன்னிழுத்துக்கொண்டார், உண்மையில் இரக்கமுள்ள மனிதர். "பாருங்க, ரூல் இதுதான். ஒரு இடத்துல அறுந்தா அது பழுதே இல்ல. ஏன்னா, மறுவழி இருக்கு. ரெண்டு இடத்துல அறுந்தாத்தான் பழுது. இங்க ஒரு இடத்துலதான் ஏதோ... மெத்துன்னு ஆயிருக்கு."

"குழியில நின்ன ஆளு பார்த்தானே சார். அந்த மறுவழியும் அதே குழியிலதானே அறுந்து கெடக்கு?"

"அதனாலதான் ஒரு இடம்ங்கிறேன்."

கணபதி மேசையருகே நகர்ந்தார். "சரி, ஒரு புகாராவது எழுதிக்கங்க."

"கையால எழுதுற புகார எடுத்துட்டாங்க. எல்லாம் நெட்லதான்."

"போர்ட் பிளேயருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

"டவருக்கும் அதே கேபிள்தான்."

"சேட்டிலைட் போன் ஒண்ணு பீரோவுல இருக்குன்னு வாஹித் பாய் சொன்னாரே?"

"இருக்கே! பேரிடருக்குன்னு வச்சிருக்கோம். பேரிடர்னு போர்ட் பிளேயர்லேர்ந்து அறிவிச்சா உடனே எடுத்துப் பேசலாம்."

"இங்க பேரிடர்னு அவங்களுக்கு யார் சார் சொல்றது?"

"அதுக்குத்தான் நெட்டு இருக்கே!" என்று சொல்லிவிட்டுச் சந்திரசேகர் பீரோவைத் திரும்பிப் பார்த்தார்.

போர்ட் பிளேயரில் அவ்வமயம் என்ன நிகழ்ந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது. கண்காணிப்புக் கூடத்தின் சுவர்த்திரையில் மாயாபந்தரின் பச்சை விளக்கு அணைந்தது. அணைந்தபின் சிவப்பு எரிய வேண்டும். ஆனால் சிவப்பு பழுதுக்குரிய நிறம். பழுது நீக்கப்பட்டபோது அதன் நிறமும் உடன் நீக்கப்பட்டிருந்தது. எனவே ஒன்றும் எரியவில்லை. நாள்தோறும் குறை சொல்லியே பழகிய அவ்வூரிலிருந்து அன்று ஒரு புகாரும் வரவில்லை. ஹரிஹரன் நெகிழ்ந்தார். 'குறையொன்றும் இல்லாத ஊர்' என்னும் புதிய விருதுக்கு மாயாபந்தரின் பெயரைத் தம் கைப்படப் பரிந்துரைத்தார்.

மறுநாள் காலை, வெள்ளிக்கிழமை, கணபதியின் தோட்டத்து வேலியருகே ஆணையத்தின் வண்டி வந்து நின்றது. சந்திரசேகர் இறங்கினார். கூடவே மண்வெட்டிகளோடு ஆட்கள். ஒருவர் கையில் தேங்காயும் கற்பூரமும்.

"பெரியவரே, உங்க வேலை முடிஞ்ச மாதிரிதான்!"

"கேபிள ஒட்டியாச்சா சார்?"

"அதுக்கு முன்னாடி அது பழுதுன்னு ஆகணுமில்ல? ராத்திரி பூரா யோசிச்சேன். ரெண்டாவது இடம் வேணும். உங்க வேலிப் பக்கமாத்தான் கேபிள் போகுது. இந்த எடத்துலயும் அறுத்துட்டா, ரெண்டு இடம். ரூல்படி பக்காப் பழுது. அப்புறம் எவனும் இல்லன்னு சொல்ல முடியாது."

கணபதிக்குத் தம் காதுகளின் மேல் ஐயம் பிறந்தது. "ஒட்டுறதுக்காக அறுக்குறீங்களா?"

"உங்களுக்காகத்தான் அறுக்குறேன்!" என்றார் சந்திரசேகர். குரலில் மனத்தாங்கல் தெரிந்தது.

கற்பூரம் ஏற்றினார்கள். தேங்காய் உடைந்தது. மண்வெட்டி இறங்கியது; நன்றாயிருந்த இடத்தில் குழாயும் இரு கேபிள்களும் அறுந்தன. கணபதியை அருகில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டார்கள். சந்திரசேகர் வியர்வையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே கமிட்டி வரணும். எது முதல் அறுப்பு, எது ரெண்டாவது அறுப்புன்னு அவங்க முடிவு பண்ணணும். முதல்ல அறுந்தத முதல்லதான் ஒட்டணும்."

"கமிட்டிய யாரு கூப்பிடுறது சார்?"

"நெட்ல ஒரு மெயில் போட்டா..." என்று தொடங்கி, அவர் வண்டியில் சாய்ந்து நின்றுவிட்டார்.

இவ்வளவையும் சொர்ணம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கருந்திரை அன்று பாதிக் கண்ணை மறைத்திருந்தது. சந்திரசேகர் அவருக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தார்.

"என்னங்க, இந்தாளுகிட்டப் பேசிப் பொழுதப் போக்காதீங்க. பாய் கடையில ஆதார ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுங்க. போர்ட் பிளேயர் ஹேடோவுல பாயோட அண்ணன் மவன் ரியாஸ் இருக்கானுல்ல, அவனுக்குச் சேதி போகட்டும். கவுண்டர்ல நின்னு டிக்கெட் எடுக்கட்டும்."

"நானே பஸ்ஸுல போயிறட்டா?"

"என்னைய யாரு பாக்குறது? உலுக்கம் ஆகாதுன்னு டாக்டரு சொன்னாரு. நாளைக்குப் பிரயாணிப் படகுல ரெண்டு பேருமாப் போவோம். நாம போய்ச் சேர்றதுக்குள்ள டிக்கெட்டு தீந்துரும். இன்னைக்கே ஆளு போகணும். பஸ் கண்டக்டர் ராஜமாணிக்கத்துகிட்ட ஒரு செட்டு. சரக்குப் படகு நாகராஜ் அண்ணன்கிட்ட ஒரு செட்டு."

"பஸ்ஸு ஒண்ணு போதுமே. வேகமாப் போயிருமே."

"எனக்கு இருக்குறது ஒத்தக் கண்ணு," என்றார் சொர்ணம்மா. "அத ஒத்த வழியில அனுப்பச் சொல்றீங்களா?"

சந்திரசேகர் தொண்டையைச் செருமினார். "அம்மா... ஒரு சின்ன உதவி. படகுல போற ஆள்கிட்ட எங்க ஆபீஸ் கவர் ஒண்ணும் கொடுத்துவிட முடியுமா? கமிட்டிக்கு."

"குடுங்க தம்பி. நனையாமக் கட்டிக் குடுங்க."

இவ்வாறாக, தீவக வளைய இணைப்பு ஆணையத்தின் முதல் பழுது அறிக்கை, கொப்பரை மூட்டைகளுக்கு இடையே, பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு, நாகராஜின் சரக்குப் படகில் கடலேறியது.

கணபதி அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் படகில் சொர்ணம்மாவைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டு அமர்ந்திருந்தபோதும், டிக்கெட் உண்டா இல்லையா என்பதை அறிய வழியில்லை. கரையோரம் முழுவதும் பச்சைக் காடு நகர்ந்துகொண்டே வந்தது.

"கரை தெரியுதா?" என்று கேட்டார்.

"கீழ்ப்பாதி தெரியுது," என்றார் சொர்ணம்மா.

போர்ட் பிளேயர்ப் படகுத்துறையில் ரியாஸ் நின்றுகொண்டிருந்தான். கையை உயர்த்தி ஆட்டினான். கையில் இரண்டு தாள்கள்.

"வாங்க மாமு, வாங்க மாமி. பங்க் கிளாஸ், ரெண்டும் கீழ் பெர்த்து. சரக்குப் படகு நாகராஜ் அண்ணன் காலையில படகக் கட்டின கையோட என் ரூமுக்கு வந்துட்டாரு. நான் கவுண்டருக்கு ஓடினேன். எனக்குப் பின்னால பத்துப் பேரோட முடிஞ்சிருச்சு."

"பஸ்ஸுல வந்த ராஜமாணிக்கம்?"

"வரலியே! ஜங்கிள்ல மரம் விழுந்து ரோடு பந்த். வண்டியெல்லாம் அங்கயே நிக்குதாம்."

கணபதி படகுத்துறைச் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேகமானது என்று அவர் நம்பியிருந்த வழி, காட்டுக்குள் ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் ராஜமாணிக்கம் கப்பல் புறப்படும் நாளில் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். டிக்கெட் எடுத்தாயிற்று என்று கேட்டதும், "அப்ப நான் எதுக்கு மூணு நாளா பஸ்ஸுல கெடந்தேன்?" என்று சொர்ணம்மாவைக் கடிந்துகொண்டார், கடிந்துகொண்டே அவர்கள் பையைக் கப்பல் வரை சுமந்து வந்தார்.

சென்னையில் அறுவை நடந்தது. பல நாள் குப்புறப் படுத்துக் கிடந்தார் சொர்ணம்மா. கட்டு அவிழ்த்த காலையில், எதிரே நின்ற கணபதியை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டு, "சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க," என்றார். கணபதி அழுதுவிட்டார்.

அவர்கள் மாயாபந்தர் திரும்பியபோது, மீண்டும் பந்தல் எழுந்திருந்தது. கமிட்டி வந்து, ஆராய்ந்து, அறுப்புகள் இரண்டும் ஒரே காலத்தன என்று தீர்ப்பளித்து, இரண்டையும் ஒட்டியிருந்தது. விருதும் வந்திருந்தது. தூணடியில் ஒட்டுப்போட்ட இடத்தைப் பொதுமக்கள் கண்டு மகிழும் பொருட்டுப் பள்ளத்தை மூடாமல் வைத்து, சுற்றிலும் சாமந்தி மாலை கட்டியிருந்தார்கள். மேடையில் சொர்ணம்மாவுக்கு நாற்காலி. அவர் அன்று பயனாளி.

ஹரிஹரன் உருகினார்.

"பெருமக்களே! இந்த அம்மையாருக்கு ஓர் அவசரம் நேர்ந்தது. கேபிள் வழி ஓய்வு கொண்டிருந்த வேளை அது. செய்தி நின்றதா? இல்லை! சாலை வழி ஒன்று, கடல் வழி ஒன்று எனப் பிரிந்து சென்றது. சாலை மறிக்கப்பட்டது, கடல் கொண்டு சேர்த்தது. இதுவன்றோ வளையத் தத்துவம்! எங்கள் ஆணையத்தின் அறிக்கைகூட அவ்வழியேதான் வந்தது. ஆகவே மாயாபந்தரில் சேவை ஒரு நொடியும் தடைப்படவில்லை என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டோம். படகையும் பஸ்ஸையும் வளையத்தின் உறுப்புகளாகச் சேர்த்துக்கொள்ளவும் ஆணை பிறந்திருக்கிறது!"

முன்வரிசையில் இருந்த நாகராஜ், தம் படகு அரசுடைமையாகிவிட்டதோ என்னும் கலக்கத்தில் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"அம்மையார் வாருங்கள்! மீண்ட கண்ணால் எங்கள் வளையத்தைக் கண்டு, கண்டபடி சொல்லுங்கள்!"

சொர்ணம்மா பள்ளத்தின் விளிம்புக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, பதறாமல், தலையை இப்புறமும் அப்புறமும் சாய்த்துப் பார்த்தார். ஒலிபெருக்கியை அவர் வாயருகே நீட்டினார்கள்.

"நல்லாத் தெரியுதுங்க சார். போற கேபிளு ஒண்ணு. வர்ற கேபிளு ஒண்ணு. ரெண்டையும் திரும்பவும் ஒரே குழாய்க்குள்ளதான் வச்சிருக்கீங்க."

சந்திரசேகர் வானத்தைப் பார்த்தார். வாஹித், "யா அல்லாஹ்," என்று முணுமுணுத்தார்.

ஹரிஹரன் ஒலிபெருக்கியை மெல்ல வாங்கிக்கொண்டார். அவர் கண்கள் பனித்திருந்தன.

"கேட்டீர்களா? ஒன்றென்று சொல்லவில்லை, இரண்டு என்று எண்ணிச் சொன்னார்! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. அது அடங்கும்வரை சொர்ணம்மா காத்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, முன்வரிசையில் நாகராஜின் அருகே நின்றார்.

"அண்ணே, அடுத்த மாசம் கண்ணு செக்கப்புக்குப் போகணும். உங்க படகு எந்தக் கிழமை கெளம்புது?" என்று கேட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க இங்க நிக்காதீங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ராஜமாணிக்கத்தப் பாருங்க. திட்டுவாரு. வாங்கிக்கிட்டுச் சொல்லிட்டு வாங்க."